பச்சை லேபிள் ஒட்டிய போத்தல்

எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவர் பொய் சொன்னார். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கள் கட்டடத்துக்குள் ஈயம் ஒரு சிட்டிகைகூட இல்லை என்று போகிற மேடையெல்லாம் சொல்கிறார். ஈயம் இருந்தது. அதை வைத்திருந்தவர் அவர். அது இல்லை என்று லேபிள் எழுதி ஒட்டியவன் நான். அந்த லேபிளை நம்பிய ஒரு வீட்டில் இன்று நிம்மதி இல்லை.

நான் எழுதிப் பழகியவன் அல்ல. ஆய்வுகூடத்தில் உதவியாளனாக ஆறு வருடம் வேலை செய்தேன். தராசில் நிறுப்பது, கரைப்பது, வடிப்பது, போத்தல் கழுவுவது, பதிவேட்டில் குறிப்பது, இவைதான் என் வேலை. எனக்குத் தெரிந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆய்வுகூடம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்கவேண்டாம். வாவிக்கரையில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. வெளிநாட்டில் படிப்பித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு பேராசிரியர் அதை நடத்தினார். நாங்கள் அவரை சேர் என்போம். எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்புக்குப் பின்னால் ஒரு தகடு வைப்பார்கள். எக்ஸ்ரேயை உணர்ந்து படமாக்குவது அந்தத் தகடுதான். அதற்குள் பூசுகிற பொருளைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

ஈயம் கலந்த படிகம் இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும். கனமான உலோகம், எக்ஸ்ரேயைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ஈயம் நஞ்சு. தகடு உடைந்தால், குப்பைக்குப் போனால், மழையில் நனைந்தால், ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். அதனால் ஈயத்துக்குப் பதிலாக பிஸ்மத் என்ற உலோகத்தை வைத்துப் படிகம் வளர்த்தோம். வயிற்றெரிவுக்குக் கொடுக்கிற சில மருந்துகளில்கூட அது இருக்கிறது. சிவப்பாகப் படிகம் வரும். அதை மாவாக அரைத்து, இறால் கோதிலிருந்து எடுத்த பசையில் கலந்து, கண்ணாடியில் ஊற்றி, மெல்லிய தாள் மாதிரி உரித்து எடுப்போம். பிளாஸ்டிக்கும் இல்லை, ஈயமும் இல்லை. நல்ல வேலை. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வேலை.

இறால் கோது கொண்டு வந்து தந்தவர் ஓர் அக்கா. படுவான்கரையில், வாவிக்கு மறுகரையில், அவருடைய வீடு. காலையில் பாதையில் ஏறி வருவார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. எங்கள் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைப்பது, தட்டுகளைக் கழுவுவது அவர் வேலை. ஊரில் இறால் உரிக்கிற பெண்களிடம் கோதைச் சேர்த்து, கழுவிக் காயவைத்து, உரப்பையில் கட்டிக்கொண்டு வருவதும் அவர்தான்.

முதல் நாள் இந்தக் கோது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இறாலுக்குக் கால் முறிஞ்சா இனி நாமளே படம் எடுக்கலாம்" என்றார். சேர்கூடச் சிரித்தார். அந்த நாட்களில் அவரும் எங்களோடு சேர்ந்து சிரிக்கிற ஆளாகத்தான் இருந்தார்.

படிகம் வளர்க்க எங்களுக்கு வருகிற இரசாயனப் பொடிகள் தடித்த மண்ணிறக் கண்ணாடிப் போத்தல்களில் வரும். வாய் அகலம். மரை போட்ட இறுக்கமான மூடி. எறும்பு போகாது, உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. எங்கள் பக்கத்தில் அப்படியான ஒரு போத்தலை எறிகிறவன் பைத்தியக்காரன். உப்புப் போடலாம், கூனி இறால் போடலாம், ஊறுகாய் போடலாம். அக்கா வந்த முதல் கிழமையே கேட்டார். எல்லாவற்றையும் கொடுக்க ஒண்ணாது, சிலதில் ஈயம் இருந்தது என்றேன். அப்போது ஈயத்தை விட்டு நாங்கள் முழுதாக மாறவில்லை.

அதற்காக நானே ஒரு ஒழுங்கு வைத்தேன். ஈயம் இருந்த போத்தலுக்குச் சிவப்பு லேபிள். இல்லாததற்குப் பச்சை. ஆங்கிலத்தில் ஏற்கனவே எழுதியிருந்தாலும் அதன்மேல் தமிழில், அக்கா கண்ணாடி போடாமலே வாசிக்கிற பெரிய எழுத்தில், என் கையால் எழுதினேன். "ஈயம் உண்டு. தொடவேண்டாம்." "ஈயம் இல்லை." பச்சை லேபிள் போத்தல் காலியானால் நான் கழுவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் கவிழ்த்து வைப்பேன். அந்தப் பலகையில் இருப்பது அக்காவுக்கு. கேட்கவேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போகலாம். பிஸ்மத் பொடி இருந்த போத்தலையும் அப்படிக் கொடுத்தது சரியா என்றால் அதுவும் சரியில்லை. ஓர் இரசாயனப் போத்தலையும் சமையலறைக்குக் கொடுக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் பிஸ்மத்தால் பெரிய கெடுதி இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் படித்த ஆள், எனக்குத் தெரியும் என்ற எண்ணம்.

பிறகு வெளிநாட்டு உதவி வந்தது. உதவி செய்கிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கட்டடத்துக்குள் ஈயச் சேர்வை எதுவும் இருக்கக்கூடாது. சேர் கையொப்பம் இட்டார். சிவப்பு லேபிள் போத்தல்களை மூடி முத்திரை வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். ஒன்றைத் தவிர. வெள்ளைப் பொடி, ஈயத்தின் உப்பு, பாதிப் போத்தல். அதை அவர் அனுப்பவிடவில்லை. பிஸ்மத் தகட்டை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரு தகடாவது ஈயத்தில் செய்து வைத்திருக்கவேண்டாமா என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை உதவி செய்கிறவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர்கள் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் சேர் என்னைக் கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து காட்டினார். பச்சை லேபிள்களுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு.

"இதில பச்சைய ஒட்டும். நாளைக்கு ஒரு நாளைக்குத்தான். அவை போனதும் மாத்துவம்" என்றார்.

நான் சொன்னேன், "சேர், இத ஒளிச்சு வைப்பமே."

"ஒளிச்சு வைச்சுக் கண்டா களவு. அலுமாரியில இருந்தா ஒருத்தரும் பார்க்கமாட்டினம். உமக்கு எழுத்து நல்ல வடிவு, எழுதும்."

எழுதினேன். "ஈயம் இல்லை." சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினேன். ஒட்டும்போது அக்காவை நினைத்தேனா என்று பலமுறை என்னை நானே கேட்டுவிட்டேன். நினைக்கவில்லை. வருகிறவர்களை மட்டும்தான் நினைத்தேன். அந்தத் தமிழ் எழுத்தை அவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் அக்கா. இந்தச் சின்ன விஷயம்கூட அன்று என் மண்டையில் ஏறவில்லை.

வந்தார்கள். பல் வைத்தியர்கள் பாவிக்கிற சின்ன எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஈயத் தகடு அடித்த பெட்டிக்குள் வைத்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர், ஈயமே வேண்டாம் என்ற வீட்டில் ஈயப் பெட்டியா என்று பகிடி விட்டார். கதிர் வெளியே வராமல் இருக்க அது வேண்டும், அதற்கு அனுமதி இருக்கிறது என்று சேர் விளக்கினார். வாவியில் பிடித்த யப்பான் மீன் என்கிற திலாப்பியா ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தோம். பிஸ்மத் தகட்டில்தான் எடுத்தோம். முள்ளந்தண்டு தெளிவாக வந்தது. சின்ன முள்கள் மங்கல். மங்கல் என்று சேரே சொன்னார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அலுமாரியை ஒருவரும் திறக்கவில்லை.

அந்தப் பொய் ஒன்றுக்கும் உதவவில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் அந்த நாள் அப்படியேதான் முடிந்திருக்கும்.

மறுநாள் சேர் இன்னொன்று சொன்னார். பெரிய போத்தல் கண்ணில் படுகிறது, பொடியை ஒரு சின்னக் குப்பிக்கு மாற்றித் தன் மேசை லாச்சிக்குள் வைக்கச் சொன்னார். மாற்றினேன். காலிப் போத்தலை மூன்று தரம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஈயத்தின் இந்த உப்பு பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது. மூடிப் புரியில், கழுத்துக்குள், வெள்ளையாக ஒட்டி நிற்கும். அது எனக்குத் தெரியும். அமிலம் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வேறாக எடுத்துவைக்கவேண்டும். பிறகு அதைச் செய்யலாம், லேபிளையும் பிறகு மாற்றலாம் என்று நினைத்து, ஈரம் வடிய அதைக் கவிழ்த்தேன். வழக்கமாகக் கவிழ்க்கிற பலகையில் கவிழ்த்தேன். கை தன்பாட்டில் செய்தது.

அந்த நேரம் என் மைத்துனர் போன் எடுத்தார். வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. நெல் வெட்டுமெசின் எங்கள் வட்டைக்குள் இறங்கிவிட்டது, அடுத்தது எங்கள் துண்டு, உடனே வா என்றார். வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் சேர்ந்த வெளி. மெசின் அதற்குள் வரிசையாகத்தான் வெட்டிக்கொண்டு போகும். நம்முடைய முறைக்கு ஆள் இல்லையென்றால் அடுத்த வயலுக்குப் போய்விடும், பிறகு எப்போது கிறுகி வரும் என்று சொல்லமுடியாது. வானமும் மூடிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போத்தல் பலகையில் இருந்தது.

ஐந்து நாள் வயலில் நின்றேன். வெட்டி, காயவைத்து, மூட்டை கட்டி முடித்தோம். அந்த ஐந்து நாளில் அந்தப் போத்தலை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

திரும்பி வேலைக்கு வந்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. பலகை வெறுமையாக இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட இருந்தேன். அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். தேசிக்காய் ஊறுகாய்.

"மகளுக்கெண்டு போட்டது. அவளுக்கு இப்ப இது இல்லாமச் சோறு இறங்காது. தம்பியும் திண்டு பாருங்க" என்றார்.

அவருடைய மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை. கலியாணம் முடித்து நாலு வருடத்துக்குப் பிறகு தங்கியது. அந்த நாலு வருடமும் அக்கா கோயில் கோயிலாகப் போனது எங்களுக்கெல்லாம் தெரியும்.

தின்றேன். நல்ல ருசி. புளிப்பும் உறைப்பும் அளவாக இருந்தது. இவ்வளவு கெதியாக ஊறிவிட்டதா என்று கேட்டேன். போத்தல் அப்படி, மூடினால் காற்றே போகாது என்றார். எந்தப் போத்தல் என்று கேட்டேன். நீங்கள் வயலுக்குப் போன அன்று பலகையில் கவிழ்த்துவிட்டுப் போனீர்களே, அந்தப் பச்சை லேபிள் போத்தல் என்றார். லேபிளைக்கூட உரிக்கவில்லையாம். மருமகன் வேறு எதையும் போட்டுக் கெடுத்துவிடாமல் இருக்க, அடையாளத்துக்கு அப்படியே அடுப்படித் தட்டில் வைத்திருக்கிறாராம்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டேன். தண்ணீர் குடித்தேன். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தேசிப்புளி ஈயத்தைக் கரைக்கும். தண்ணீருக்குக் கரையாமல் புரியில் ஒட்டியிருந்தது, புளிக்குள் இறங்கியிருக்கும். கர்ப்பிணியின் இரத்தத்துக்குள் ஈயம் போனால் அது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிள்ளையின் மூளையைத் தாக்கும். இவ்வளவும் எனக்கு அந்த நிமிடமே தெரியும். இதைத்தான் நாங்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முதல் பக்கத்தில் எழுதுவோம். ஈயம் ஏன் வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம்.

எழுந்து அக்காவிடம் போய்ச் சொல்லவேண்டியவன் மாடிக்கு ஏறி சேரிடம் போனேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு நான் சொன்னதைக் கேட்டார். முகம் வெளிறியது உண்மை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, இது வேறு யாருக்குத் தெரியும் என்பது. மூன்று தரம் கழுவினீர்தானே, மிஞ்சியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும், வீணாகப் பயப்படுத்தி அந்தப் பிள்ளையின் மனதைக் கெடுக்கவேண்டாம் என்றார். புதுப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, பழையதை வாங்கி வரச் சொன்னார். கணக்கெடுப்புக்கு வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

போனேன். புளியந்தீவில் ஒரு கடையில் நல்ல கண்ணாடிப் போத்தல் ஒன்று வாங்கினேன். பின்னேரம் பாதையில் ஏறினேன். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் நின்றவர், "வாத்தியார், தேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னைப் பார்த்தால் வாத்தியார் மாதிரித் தெரிந்திருக்கிறது.

அக்கா வீட்டில் கதிரை தந்தார்கள். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வயிறு கொஞ்சம் தெரிந்தது. நான் கணக்கெடுப்புப் பொய்யைச் சொன்னேன். அக்கா அதை நம்பினார். நான் சொன்ன எதையும் அவர் நம்பாமல் விட்டதில்லை. உள்ளே போய் மண்ணிறப் போத்தலையும் ஒரு கரண்டியையும் கொண்டுவந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நஞ்சு போத்தலில் மட்டும் இல்லை. ஊறுகாயில்தான் இருக்கிறது. போத்தலை வாங்கிக்கொண்டு போவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. அலுமாரியில் ஒரு போத்தல் கணக்குச் சரியாகும், அவ்வளவுதான்.

அந்த ஊறுகாய் முழுவதையும் எனக்குத் தருவீர்களா, வீட்டில் எல்லாருக்கும் ஆசை என்று கேட்டேன்.

அக்கா சிரித்தார். "வாயும் வயிறுமா இரிக்கிற புள்ளைக்குப் போட்டதக் கேக்கிறீங்களே தம்பி. உங்களுக்கு வேற போட்டுத் தாறன்கா" என்றார்.

மகளும் சிரித்தாள். அக்கா ஊறுகாயைக் கரண்டியால் அள்ளி நான் கொண்டுபோன புதுப் போத்தலுக்குள் போட்டார். அடியில் இருந்த புளியையும் வழித்து ஊற்றினார். ஒரு துளியும் வீணாகவில்லை. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். காலிப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதுவரை எழுதியதில் எதற்காவது யாராவது எனக்கு ஒரு சாட்டுச் சொல்லலாம். மறதி, அவசரம், மேலதிகாரியின் கட்டளை. இதற்கு ஒரு சாட்டும் இல்லை. அந்தக் கரண்டி மேலும் கீழும் போனது. என் வாய் மூடியிருந்தது.

மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் அக்கா பிந்தி வந்தார். மகளுக்கு வயிற்று வலி, மலமும் போகவில்லை, வேறு ஒன்றும் சாப்பிடுகிறாள் இல்லை, ஊறுகாயும் சோறும் மட்டும்தான் இறங்குகிறது என்றார். கர்ப்பிணிகளுக்கு இது வருவதுதான் என்று தானே சமாதானமும் சொன்னார். துடைப்பத்தை எடுத்தார்.

அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, வாங்க வீட்டுக்குப் போவோம் என்றேன். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. பாதையிலும் சொல்லவில்லை. அவர் இரண்டு தரம் என்ன என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். வீட்டு முற்றத்தில் வைத்து, மகளும் இருக்கத்தக்கதாக, எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளை மாற்றியது. பலகையில் வைத்தது. புதுப் போத்தல் கொண்டுவந்தது.

மகள்தான் முதலில் பேசினாள். பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, இன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கிளினிக் அட்டையை எடுத்து வந்தாள். அழவில்லை.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

"அதில இரிந்தது உங்கட எழுத்துத்தானே" என்றார்.

ஓம் என்றேன்.

"உங்கட எழுத்தெண்டுதான் எடுத்தன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. இன்றுவரை இல்லை. கிளினிக்கில், ஆஸ்பத்திரியில், எத்தனையோ தரம் ஒரே வாங்கில் இருந்திருக்கிறோம். மகள் பேசுவாள். அவர் பேசமாட்டார்.

டொக்டர் இளம் பெண். கோபப்பட்டாலும் நிதானமாகக் கேட்டார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். ஊறுகாய்ப் போத்தலையும் கட்டி வைக்கச் சொன்னார். இரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்கக்கூடாத அளவு என்று பதில் வந்தது. பிறகு அவர் ஆய்வுகூடத்திடம் ஒரு கடிதம் கேட்டார். எந்தச் சேர்வை, அதோடு வேறு என்ன கலந்திருக்கலாம், எப்போதிருந்து என்று தலைவரின் கையொப்பத்தோடு வேண்டும், அதைக் கொழும்பில் உள்ள நிபுணருக்குக் காட்டித்தான் அடுத்தது என்ன என்று தீர்மானிக்கவேண்டும் என்றார்.

சேர் கடிதம் கொடுத்தார். அதில் எங்கள் ஆய்வுகூடம் ஈயச் சேர்வைகளைப் பாவிப்பதில்லை என்று எழுதியிருந்தார். ஒழுக்கக் குறைவுக்காக நீக்கப்பட்ட ஓர் ஊழியர் வேறு விதமாகச் சொல்லக்கூடும் என்றும் எழுதியிருந்தார். நீக்கிய கடிதம் எனக்கு அடுத்த நாள்தான் வந்தது. அவருடைய மேசை லாச்சியில் இருந்த குப்பியும் பதிவேடும் அதற்குள் எங்கே போனதோ தெரியாது. பழைய போத்தலை நானே அவர் கையில் கொடுத்திருந்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டி வைத்த ஊறுகாயைச் சோதிக்கிற வசதி இங்கே இல்லை, கொழும்பு நிபுணர் கேட்டால்தான் அனுப்பலாமாம்.

அதோடு நிற்கவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பம் மீன்பிடிக் குடும்பம், வீச்சு வலைக்கு ஈயக் குண்டு கட்டுகிறவர்கள், வீட்டுக்குள் வைத்து ஈயம் கையாளுகிறார்கள், அதிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மைதான், மருமகன் வாவியில் வலை வீசுகிறவன். வலையின் ஓரம் முழுக்க ஈயக் குண்டு. அது நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவன் அப்பன் காலத்திலிருந்து அந்த வலை அந்த வீட்டில்தான் இருக்கிறது. வலையை யாரும் புளியில் ஊறவைத்து ஒரு கர்ப்பிணிக்குச் சோற்றோடு கொடுக்கவில்லை.

சேரின் கடிதத்தில் இருந்ததைக் கிளினிக்கில் யாரோ அவனுக்கு வாசித்துச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் நான் போனபோது அவன் முற்றத்தில் வலையை விரித்துவைத்துக் குண்டுகளைக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாளி நிறைந்திருந்தது. இதனால் இல்லை, போத்தலால்தான் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்களும் படிச்ச ஆள், அவரும் படிச்ச ஆள். நீங்க போத்தல் எண்டுறீங்க, அவர் வலை எண்டுறார். நான் ஆரை நம்ப? எண்ட புள்ளைக்கு எண்ட கையால நஞ்சு போட்டனான் எண்டு ஊருக்குள்ள கதைக்காங்க" என்றான்.

குண்டு இல்லாத வலை தாழாது. தண்ணீர்மேல் மிதக்கும். அவன் இப்போது வாவிக்குப் போவதில்லை. சீமெந்துக் கல் அரிகிற இடத்துக்குக் கூலிக்குப் போகிறான். வேலை முடிந்து வந்து, மனைவியைத் தொடுவதற்கு முதல் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறான். அவள் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அவளுக்கு இப்போது ஏழு மாதம். மறுபடி இரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகுதான் மிச்சம் தெரியும் என்கிறார் டொக்டர். பிறந்தவுடன் தெரியாமலும் போகலாம், பள்ளிக்கூடம் போகிற வயதில் தெரியலாம் என்கிறார். இரண்டு கடிதம் அவருடைய கோப்பில் இருக்கிறது. ஒன்று பேராசிரியருடையது. மற்றது நான் எழுதிக் கொடுத்தது, வேலை போன உதவியாளனுடையது. கொழும்பு நிபுணர் எதை எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. லேபிளை எழுதினேன். போத்தலைத் தவறான இடத்தில் வைத்தேன். தெரிந்த பிறகும் நாலு நாள் அந்தப் பிள்ளையைத் தின்னவிட்டேன். இதற்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்பேன். பொலிசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்கும்படி அக்காவிடம் நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ஆனால் சேர், அடுத்த மாதம் புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம். நஞ்சில்லாத எக்ஸ்ரே தகட்டைப் பற்றிப் பேசப்போகிறீர்களாம். பேசுங்கள். அந்தத் தகடு நல்லது, அதைச் செய்த கைகளில் என் கையும் உண்டு, அக்காவின் கையும் உண்டு. அக்கா வரமாட்டார். மருமகனை நான் கூட்டிவருவேன். முன்வரிசையில் இருப்போம். கேள்வி நேரத்தில் நான் எழும்பி, ஒரு போத்தலில் ஈய உப்பு உங்கள் அலுமாரியில் இருந்ததா, அதில் பச்சை லேபிள் ஒட்டச் சொன்னது நீங்களா என்று கேட்பேன். நேரம் இல்லை என்று சொல்லவேண்டாம். பிறகு தனியாகப் பேசுவோம் என்றும் சொல்லவேண்டாம். தனியாகப் பேசித்தான் இவ்வளவும் நடந்தது. நஞ்சு வந்தது அவனுடைய வலையிலிருந்தா, உங்கள் போத்தலிலிருந்தா? எல்லோருக்கும் கேட்க, ஒலிவாங்கியில், அவனுடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.